தொழுவத்து வெளிச்சம் யாருடையது?

பெத்லகேமில் அன்றிரவு எந்த வெளிச்சத்தில் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்கள்? கேள்வி சிறியதுதான். ஆனால் இறையியலாரும் ஓவியரும் கலை வரலாற்றாசிரியரும் பல நூற்றாண்டுகளாக இதற்குப் பதில் சொல்லி வருகிறார்கள். நற்செய்தி நூல்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாததே காரணம். லூக்காவில் ஆண்டவரின் மாட்சி ஒளிர்வது வயல்வெளியில், கிடைக்குக் காவல் இருந்த இடையர்களைச் சுற்றி. தொழுவத்துக்குள் விளக்கு எரிந்ததா என்ற பேச்சே அங்கில்லை. மத்தேயுவில் விண்மீன் வருகிறது. அது ஞானிகளுக்கு வழி காட்டுகிறதே தவிர, முன்னணைக்கு விளக்காக நிற்பதில்லை. எழுதப்படாத அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பு ஓவியன் தலையில் விழுந்தது. இரவுக் காட்சியை வரைய வேண்டுமென்றால் எங்கிருந்தாவது வெளிச்சம் வந்தாக வேண்டும்.

இந்தக் கட்டுரை ஓர் இத்தாலிய ஓவியத்தை நடுவில் வைத்து அந்தப் பதில்களைப் பரிசீலிக்கிறது. பரிசீலிக்கும் இடம் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்கு வந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர்கள் இவை. இலத்தீன் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், சீரோ மலங்கரைக் கத்தோலிக்கர் என மூன்று கிறிஸ்தவ மரபுகள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. கிறிஸ்து பிறப்பின் ஒளியை மூன்றும் மூன்று விதமாகக் கையாள்கின்றன. ஐரோப்பிய ஆய்வு பெரும்பாலும் அருங்காட்சியகச் சுவரோடு நின்றுவிடும் ஒரு கேள்வியை இங்கிருந்து பார்த்தால், அதன் விடுபட்ட பகுதி ஒன்று தெரிய வரலாம்.

கொரெஜ்ஜோவின் 'இரவு'

அந்தோனியோ அல்லெக்ரி, பிறந்த ஊரின் பெயரால் கொரெஜ்ஜோ என அறியப்பட்டவர், 1534இல் இறந்தார். ரெஜ்ஜோ எமிலியா நகரத்தின் சான் ப்ரோஸ்பெரோ தேவாலயத்தில் தன் குடும்பச் சிற்றாலயத்துக்காக அல்பெர்த்தோ பிரத்தோனேரி என்பவர் 1522 அக்டோபரில் அவரிடம் ஓர் ஓவியம் கேட்டார். அது முடிந்தது ஏறத்தாழ 1530இல். மரப்பலகையில் தைல வண்ணத்தில் தீட்டப்பட்ட, இரண்டரை மீட்டர் உயரமுள்ள இந்த ஓவியத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'இரவு'. 1640இல் மோதெனாவை ஆண்ட முதலாம் பிரான்செஸ்கோ இதைத் தம் அரண்மனைக்கு எடுத்துக்கொண்டார். 1746இல் மோதெனாச் சேகரிப்பின் ஒரு பெரும்பகுதி சாக்சனி ஆட்சியாளருக்கு விற்கப்பட்டபோது இதுவும் சென்றது. இன்று டிரெஸ்டனில் இருக்கிறது.

படத்தில் விளக்கோ பந்தமோ இல்லை. வைக்கோல் பரப்பிய முன்னணையில் கிடக்கும் குழந்தையிடமிருந்தே வெளிச்சம் புறப்படுகிறது. அதை அணைத்தபடி குனிந்திருக்கும் மரியாளின் முகம் மிகப் பிரகாசமாக இருக்கிறது. அவர் கண் கூசவில்லை. அருகில் புறாக்களோடு வந்த ஒரு பெண் கூச்சம் தாங்காமல் கையை உயர்த்துகிறாள். அவளுக்கு இப்பால் கோலூன்றிய பெரிய உருவமான இடையன், உடன் ஓர் இளைஞன், நாய். மேலே மேகத்தில் தேவதூதர்கள். பின்னால், ஒளி எட்டாத இடத்தில், கழுதையோடு சூசையப்பர். தொடுவானத்தில் விடியலின் கீற்று. கார்த்திகை அகலைக் குனிந்து ஏற்றுகிறவர் முகத்தில் கீழிருந்து வெளிச்சம் விழுவதுபோல இங்கே எல்லா முகங்களிலும் ஒளி கீழிருந்தே விழுகிறது. தூரம் கூடக்கூட அது மங்குகிறது.

இந்த ஒளிக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது? விவாதம் இங்கேதான் பிரிகிறது.

ஏட்டிலிருந்து வந்த ஒளி

மிகப் பழைய விளக்கம் இலக்கியம் சார்ந்தது. ஓவியன் தானாக எதையும் கற்பனை செய்யவில்லை, யாரோ எழுதியதை வரைந்தான் என்பது இதன் சாரம். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'யாக்கோபின் முதல் நற்செய்தி' விவிலியத்தில் இடம்பெறாத நூல். அதில் குகையைப் பிரகாசமான மேகம் மூடுகிறது. பிறகு கண் தாங்காத பேரொளி தோன்றிச் சிறிது சிறிதாகக் குறைய, குழந்தை தென்படுகிறது. குகையும் பேரொளியும் சேர்ந்த இந்தச் சித்திரம் கிழக்குத் திருச்சபைகளின் திருவுருவங்களில் நெடுங்காலம் நிலைத்தது.

மேற்கில் தீர்மானமான திருப்பம் ஸ்வீடன் நாட்டுப் புனித பிரிஜித்தால் வந்தது. 1372இல் பெத்லகேமுக்குத் திருப்பயணம் சென்ற அவர் அங்கே கண்ட காட்சியை விவரித்தார். சூசை ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திச் சுவரில் பொருத்திவிட்டு வெளியே போகிறார். மரியாள் முழந்தாளிட்டு மன்றாடும்போது ஒரு நொடியில் பிள்ளை பிறக்கிறது. அதிலிருந்து எழுந்த ஒளிக்கு முன் கதிரவனும் ஈடில்லை, சூசையின் திரி வெளிச்சம் அற்றுப் போகிறது. பிரிஜித் மறுஆண்டு உரோமையில் இறந்தார். சில ஆண்டுகளுக்குள்ளாகவே நிக்கொலோ தி தொம்மாசோ என்ற இத்தாலிய ஓவியர் அந்தக் காட்சியை, பிரிஜித்தையும் ஓரத்தில் சேர்த்து, வரைந்தார். 1423இல் ஜென்தீலே த ஃபாப்ரியானோ ஃபிளாரென்சின் ஸ்த்ரோத்சி குடும்பத்துக்காக வரைந்த 'ஞானிகளின் வணக்கம்' ஓவியத்தின் அடிப்பகுதியில் ஒரு சிறு பிறப்புக் காட்சி உண்டு. அதில் குழந்தையின் ஒளி சுற்றிலும் நிழல்களை விழச் செய்கிறது. பொன் தகட்டால் ஒளியைச் சுட்டுவதை விட்டு, ஒளி செய்யும் வேலையையே வரைந்த தொடக்கக்கால இத்தாலிய இரவுக் காட்சிகளுள் அது ஒன்று.

பிரிஜித்தை ஆதாரமாகக் கொள்ளும் இந்த நிலைப்பாட்டை 20ஆம் நூற்றாண்டில் ஹென்ரிக் கோர்னெல் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக நிறுவினார்கள். ஜென்தீலேக்கு இது பொருந்துகிறது. கொரெஜ்ஜோவுக்குப் பாதிதான் பொருந்துகிறது. 'இரவு' ஓவியத்தில் மெழுகுதிரி இல்லை. மரியாள் முழந்தாளிட்டு வணங்கவில்லை, பிள்ளையை அணைத்திருக்கிறார். கண் கூசும் பெண் பிரிஜித்தின் காட்சியில் வருவதில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிரிஜித் இத்தாலியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், தேவாலயச் சுவர்களை நிறையப் பார்த்தவர். அவருடைய காட்சியே முன்பு பார்த்த ஓவியங்களிலிருந்து ஊறியதாக இருக்கலாம் என்ற ஐயம் பழையது. அப்படியானால் ஏடு ஓவியத்துக்கு மூலமா, ஓவியம் ஏட்டுக்கு மூலமா என்பது சுற்றிச் சுற்றி வரும் வழக்காகிவிடுகிறது.

கண்ணின் கணக்கு

இரண்டாவது அணி ஒளியை ஓவியக் கலையின் பிரச்சினையாகப் பார்க்கிறது. இதன் முன்னோடி ஜோர்ஜோ வசாரி. 1550இலும் 1568இலும் வெளிவந்த தம் ஓவியர் வரலாற்றில் கொரெஜ்ஜோவின் இந்த ஓவியத்தைப் பற்றி எழுதும்போது அவர் வியப்பது அந்தக் கை உயர்த்திய பெண்ணைக் கண்டுதான். மனிதக் கண்ணால் தாங்க முடியாத ஒன்றைப் பார்க்க விரும்பிப் பார்க்க முடியாமல் போகும் நிலையை ஒரே அசைவில் காட்டியதாக அவர் பாராட்டுகிறார். வசாரிக்கு அது இறையியலும்தான், ஆனால் முதலில் திறமை.

பால் ஹில்ஸ் 1987இல் எழுதிய தொடக்கக்கால இத்தாலிய ஓவிய ஒளி பற்றிய நூல் இந்தப் பார்வைக்கு வரலாற்று அடிப்படை தந்தது. அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதமின் ஒளியியல் நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, பிரான்சிஸ்கன் துறவிகளான ரோஜர் பேக்கன், ஜான் பெக்கம் போன்றோர் வழியாக இத்தாலிக்கு வந்து சேர்ந்தது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது, பொருளில் பட்டுத் திரும்புகிறது, வலுவான ஒளி கண்ணை நோகடிக்கிறது என்பவை படித்தவர்களுக்குத் தெரிந்த செய்திகளாயின. ஃபிளாரென்சின் சாந்தா க்ரோச்சே ஆலயத்தில் 1330ஐ ஒட்டிய ஆண்டுகளில் தத்தேயோ காத்தி, தேவதூதரின் ஒளி இரவில் இடையர்கள் மேலும் குன்றின் மேலும் விழுவதைச் சுவரில் வரைந்தார். அதே காத்தி சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துப் பார்வை கெட்டு, அதைப் பற்றி ஒரு துறவிக்குக் கடிதம் எழுதியவர். ஒளியை அவர் பக்தியோடு மட்டும் பார்க்கவில்லை, உடம்பாலும் அறிந்திருந்தார்.

ஜெர்மானிய ஆய்வாளர் வொல்ஃப்காங் ஷோனெ 1954இல் வேறொரு பிரிவினையைச் சேர்த்தார். இடைக்கால ஓவியத்தில் படமே ஒளிர்கிறது. பொன் பின்னணியும் நிறங்களும் தம்முள்ளிருந்து வெளிச்சம் தருகின்றன. மறுமலர்ச்சிக்குப் பின் ஒளி ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு இன்னோர் இடத்தில் விழுகிறது. இந்தக் கோட்பாட்டைக் கொரெஜ்ஜோவின் மேல் வைத்தால் அவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். குழந்தை பழைய பொன் பின்னணியைப் போலத் தானே ஒளிர்கிறது. அந்த ஒளி மற்றவர்கள் மேல் விழும்போது புதிய இயற்பியலுக்குக் கட்டுப்படுகிறது.

இந்த அணியின் பலவீனம் வெளிப்படையானது. திறமை எப்படி என்பதற்குப் பதில் சொல்கிறது, ஏன் என்பதற்குச் சொல்வதில்லை. ஓர் எண்ணெய் விளக்கை மையத்தில் வைத்தும் இதே வித்தையைக் காட்டியிருக்கலாமே! விளக்கில்லாமல் குழந்தையையே விளக்காக்கியது கணக்கால் வந்த முடிவன்று.

மறைத்து வைத்த பொருள்

மூன்றாவது அணிதான் 'குறியீடு' என்ற சொல்லைக் கலை வரலாற்றில் பரவலாக்கியது. 1945இல் மில்லார்ட் மைஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, 15ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் கண்ணாடியை ஊடுருவும் ஒளிக்கதிரை மரியாளின் கன்னிமைக்கான உவமையாக வாசித்தது. கண்ணாடி உடையாமல் கதிர் கடந்து போவது போல என்ற அந்த உவமை இடைக்கால மறையுரைகளில் நன்கு வேரூன்றியது. 1953இல் எர்வின் பனோஃப்ஸ்கி ஆதி நெதர்லாந்து ஓவியம் பற்றிய தம் பெருநூலில் இதை ஒரு முறையாகவே வளர்த்தார். அன்றாடப் பொருள்போலத் தோன்றும் எதிலும் சமயப் பொருள் ஒளிந்திருக்கலாம் என்பது அந்த முறை. ராபர்ட் காம்பின் வரைந்ததாகக் கருதப்படும் திஜோன் நகரப் பிறப்புக் காட்சியில் சூசை கையால் மறைத்துப் பிடித்திருக்கும் மெழுகுதிரியும் மலைமேல் எழும் சூரியனும் இதற்குப் பிடித்தமான எடுத்துக்காட்டுகள்.

வடக்கின் ஓவியங்களுக்காகச் செய்த சாவியை இத்தாலியப் பூட்டுக்குள் நுழைக்கும் போதுதான் தகராறு. 'இரவு' ஓவியத்தின் முன்னணையில் தானியத் தாள்கள் தெரிகின்றன, ஆகவே நற்கருணை. தொடுவானத்தில் விடியல், ஆகவே புதிய உடன்படிக்கை. இடிபாடான கட்டடம், ஆகவே பழைய உலகின் வீழ்ச்சி. ஒவ்வொன்றும் பொருந்துவதாகவே தோன்றும். தொந்தரவும் அதுவே. எது பொருந்தாது என்று சொல்ல வழி இல்லாத விளக்கம் எதையும் நிரூபிப்பதில்லை. 1970களிலிருந்து பனோஃப்ஸ்கியின் முறை மேல் எழுந்த விமர்சனம் முக்கியமாக இதுதான். பலிபீடத்தின் மேல் வைக்கப்பட்ட ஓவியத்தில் தானியக் கதிரைப் பார்த்தவர்கள் அப்பத்தை நினைத்திருப்பார்கள் என்பதை மறுப்பது கடினம், ஏனெனில் அப்பம் அதே பீடத்தில்தான் எழுந்தேற்றம் பெற்றது. ஆனால் அதை ஓவியன் ஒளித்துவைத்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. அது எல்லாரும் அறிந்த வெளிப்படையான செய்தி. என் மதிப்பீட்டில் இந்த அணி 'இரவு' ஓவியத்துக்குத் தரும் உதவி மூன்றில் மிகக் குறைவு.

ஒளிராத குழந்தை

எல்லாப் பிறப்பு ஓவியங்களும் குழந்தையை விளக்காக்கவில்லை. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஓவியங்களில் பொய்யான கோட்பாடும் அலங்கோலமும் கூடாது என்று ஆணையிட்டபின், விவிலியத்தில் இல்லாதவை கேள்விக்குள்ளாயின. கரவாஜ்ஜோவின் பலெர்மோ பிறப்புக் காட்சியில் பிள்ளை வெறுந்தரையில் கிடக்கிறது. வெளிச்சம் படத்துக்கு வெளியிலிருந்து வந்து எல்லார் மேலும் விழுகிறது. மரியாள் களைத்திருக்கிறார். ஒளியை மேலிருந்து வரும் அருளாகப் பார்க்கலாம், பட்டறைச் சாளர வெளிச்சமாகவும் பார்க்கலாம். இரண்டுக்கும் இடம் விட்டதே கரவாஜ்ஜோவின் சாமர்த்தியம். 1969 அக்டோபரில் சான் லோரென்சோ செபக்கூடத்திலிருந்து திருடப்பட்ட அந்த ஓவியம் இன்றுவரை கிடைக்கவில்லை. 2015இல் அங்கே ஒரு பிரதி வைக்கப்பட்டது.

ஊரார் கொண்டுவந்த வெளிச்சம்

இதுவரை சொன்ன எல்லா அணிகளும் ஒளி மேலிருந்தோ குழந்தையிடமிருந்தோ மனிதருக்கு வருவதாகவே எடுத்துக்கொள்கின்றன. வழிபாட்டு வரலாறு வேறொரு திசையைக் காட்டுகிறது. 1223இல் அசிசி நகர் பிரான்சிஸ், கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில் முன்னணையும் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பு இரவைக் கொண்டாடினார். இன்றைய குடில்களுக்கெல்லாம் அது மூதாதை. அந்நிகழ்ச்சியை எழுதிய செலானோ தோமா, சுற்று வட்டார ஆண்களும் பெண்களும் மெழுகுதிரிகளும் பந்தங்களும் கொண்டுவந்து இரவைப் பகலாக்கியதாகக் குறிப்பிடுகிறார். கிரெச்சோவில் ஒளியின் மூலம் குழந்தையும் அல்ல, விண்மீனும் அல்ல. கூடி வந்த ஊர்.

எல்லைக் கிராமங்களுக்கு இந்தக் குறிப்பு நேராகப் பொருந்துகிறது. பாறசாலை வட்டாரத்தில் சீரோ மலங்கரைத் திருச்சபைக்கு 2017இல் தனி மறைமாவட்டம் அமைந்தது. மேற்குச் சிரிய மரபில் கிறிஸ்து பிறப்பு வழிபாட்டின் நடுவில் மக்கள் ஆலயத்துக்கு வெளியே வருகிறார்கள். சிலுவை வடிவக் குழியில் தீ மூட்டப்படுகிறது. முந்தைய குருத்தோலை ஞாயிறின் காய்ந்த ஓலைகளை அதில் இடுவதும் வழக்கம். குருவும் மக்களும் சாம்பிராணியை அந்தத் தீயில் இடுகிறார்கள். இடையர்கள் குளிர் காய்ந்த தீ என்றும், உலகின் ஒளியாக வந்தவரின் அடையாளம் என்றும் இரண்டு விளக்கங்கள் இதற்கு உண்டு. முதல் விளக்கத்தில் தீ மனிதருடையது, இரண்டாவதில் கடவுளுடையது. ஒரே சடங்கு இரண்டையும் தாங்குகிறது.

இலத்தீன் கத்தோலிக்கருக்கு நெய்யாற்றின்கரை மறைமாவட்டம் 1996 ஜூன் 14 அன்று உருவானது. அதற்கு முன் திருவனந்தபுரத்தின் கீழும், 1937க்கு முன் கொல்லத்தின் கீழும் இந்த ஊர்கள் இருந்தன. இங்கே மையம் குடில். பல குடில்களில் சிறு பல்பு ஒன்று பாலன் இயேசுவுக்குப் பின்னாலோ வைக்கோலுக்கு அடியிலோ மறைந்திருக்கும். வாசலில் நட்சத்திரம் தனியாக எரியும். பிள்ளையே ஒளிர்வதுபோல் காட்டும் அந்த ஏற்பாடு ஜென்தீலேக்கும் கொரெஜ்ஜோவுக்கும் தூரத்து உறவு என்று கருத இடமுண்டு.

அந்த உறவு எந்த வழியாக வந்திருக்கும்? ஒரு வழி இலக்கியம். வீரமாமுனிவர் என்று நாம் அறியும் கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1680இல் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரேயில், கொரெஜ்ஜோ உழைத்த அதே வட இத்தாலியச் சமவெளியில், பிறந்தவர். அவருடைய தேம்பாவணி 1726இல் நிறைவுற்ற, 3615 பாடல்கள் கொண்ட காப்பியம். சூசையப்பரைத் தலைவராக வைத்து எழுதப்பட்ட அதற்கு ஸ்பானியத் துறவி ஆக்ரெதா மரியாவின் நூல் முக்கிய மூலங்களில் ஒன்று. ஆக்ரெதாவின் பிறப்பு வருணனையில் பிள்ளை சூரியனைப்போல் ஒளிர்ந்து, பளிங்கைக் கதிர் கடப்பதுபோல் பிறக்கிறது. பிரிஜித்தின் ஒளியும் மைஸ் ஆராய்ந்த கண்ணாடி உவமையும் ஒரே நூலில் சேர்ந்து, இத்தாலியர் ஒருவரின் கையால் தமிழ்க் காப்பிய உலகத்தின் வாசலுக்கு வந்தன. கொரெஜ்ஜோ இருட்டில் விட்ட சூசையை இந்தத் தமிழ் நூல் நாயகனாக்கியது என்பது தற்செயலாக இருக்கலாம், ஆனால் கவனிக்கத்தக்கது.

இரண்டாவது வழி அச்சு. கொரெஜ்ஜோவின் 'இரவு' 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கு அச்சுகளாக ஐரோப்பா எங்கும் பரவியது. இந்தப் பகுதி கொல்லம் மறைமாவட்டத்தில் இருந்தபோது 1905 முதல் 1931 வரை ஆயராக இருந்தவர் அலோசியஸ் மரிய பென்சிகர். சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் ஊரில், கத்தோலிக்க நூல்களும் புனிதர் படங்களும் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பிய பென்சிகர் பதிப்பகக் குடும்பத்தில் பிறந்தவர். வண்ணக் கல்லச்சுப் படங்கள் சமய வாழ்வை மாற்றிய காலம் அது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் இந்துத் தெய்வங்களுக்குச் செய்ததை ஐன்சீடெல்ன் போன்ற ஊர்களின் அச்சகங்கள் கிறிஸ்தவப் படங்களுக்குச் செய்தன. இரண்டும் ஐரோப்பியத் தைல ஓவியத்தின் ஒளிநிழலை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தன. ஆயரின் குடும்பப் பின்னணியே படங்கள் இங்கு வந்ததற்குச் சான்றாகாது. தேடத் தொடங்குவதற்கு அது ஒரு நல்ல இடம், அவ்வளவே.

மூன்றாவது மரபு படத்தையே விலக்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாறசாலை லண்டன் மிஷனின் நிலையங்களுள் ஒன்று. ஜான் ஆப்ஸ், சாமுவேல் மட்டீர் ஆகியோர் பெயர்கள் அந்த வரலாற்றோடு சேர்ந்தவை. சுவரில் உருவம் வேண்டாம், திருவசனமே விளக்கு என்ற மரபு அது. அந்த வழியில் வந்த தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் ஒளி நட்சத்திரத்திலும் வீடு வீடாகப் போகும் கீதப் பவனியின் விளக்குகளிலும் தங்கியது. முன்னணைக்குள் எட்டிப் பார்க்காத ஒளி. விவிலியத்தின் எழுத்துக்கு இதுவே மிக நெருக்கம் என்றும் வாதிடலாம்.

பக்கத்து வீட்டு விளக்குகள்

இந்த ஊர்களின் கண் கிறிஸ்தவத்தால் மட்டும் பழகியதன்று. பாகவத புராணத்தின் பத்தாம் கந்தத்தில் நள்ளிரவில் சிறையில் பிறந்த கண்ணன் தன் ஒளியால் பிறந்த அறையையே ஒளிரச் செய்கிறான். மார்த்தாண்ட வர்மா கட்டியதாக வழங்கும் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் அந்தத் தெய்வம் இரு கையிலும் வெண்ணெய் ஏந்திய பிள்ளையாகவே நிற்கிறது. ஒளிரும் தெய்வக் குழந்தை இங்கு யாருக்கும் அந்நியமாகப் பட்டிருக்காது. இதைக் கொண்டு ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று சொல்லக் கூடாது. பார்ப்பவர்கள் தயாராக இருந்தார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டுகள் 19ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தங்களில் கிடைக்கின்றன. அய்யா வைகுண்டர் வழி வந்த பதிகள், நிழல்தாங்கல்கள் என்னும் வழிபாட்டு இடங்களில் சிலைக்குப் பதில் கண்ணாடி. முன்னால் விளக்கு எரிய, வணங்க வந்தவர் தன் முகத்தையே பார்க்கிறார். நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்த நாராயண குரு, பின்னாளில் திருச்சூர் வட்டாரத்தின் காரமுக்கில் விளக்கையே பிரதிஷ்டை செய்தார். 1927இல் களவங்கோட்டில் கண்ணாடி. ஒளியின் மூலம் எது என்ற பழைய கேள்வியை இவர்கள் விட்டுவிட்டு, ஒளி யார் மேல் விழலாம் என்று கேட்டார்கள். திருவிதாங்கூரில் அது உவமையாகக் கேட்ட கேள்வி அல்ல. 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேச அறிவிப்பு வரும்வரை நாடார், ஈழவர், புலையர் முதலியோர் கருவறை விளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் நிற்க முடியாது. எங்கே நிற்கலாம் என்பது சாதி அளந்து கொடுத்த தூரம்.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

இந்தப் பின்னணியோடு 'இரவு' ஓவியத்துக்குத் திரும்பினால், மூன்று அணிகளும் போதிய கவனம் தராத ஒன்று முன்னுக்கு வருகிறது. ஒளி எங்கிருந்து புறப்படுகிறது என்பதைப் பிரிஜித் விளக்கிவிடுகிறார். எப்படி விழுகிறது என்பதை ஒளியியல் விளக்குகிறது. மரியாளுக்கு அடுத்தபடியாக அதை முகத்தில் வாங்குபவர்கள் கிராமத்து ஆட்கள் என்பதையும், அவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு விதமாக வாங்குகிறார்கள் என்பதையும் இரண்டாலும் விளக்க முடியவில்லை. ஒருத்தி கூசுகிறாள், ஒருவன் திகைக்கிறான். வீட்டுக்காரரான சூசை இருட்டில் இருக்க, வெளியிலிருந்து வந்த இடையர்கள் வெளிச்சத்தில் நிற்கிறார்கள். கொரெஜ்ஜோவின் சொந்தப் பங்களிப்பு இங்குதான் இருப்பதாகத் தோன்றுகிறது. இதைச் சமூக விமர்சனம் என்று பெயரிட்டால் 16ஆம் நூற்றாண்டுச் செல்வந்தர் ஒருவரின் குடும்பச் சிற்றாலயத்துக்கு அது பொருந்தாத சட்டை. ஆனாலும் அதே அமைப்பைக் கோயில் வாசலில் தூரம் அளந்து நிறுத்தப்பட்ட மக்கள் பார்த்தால் வேறு பொருள் கொள்வார்கள் என்பதை மறுக்க முடியாது. ஒரு காலத்தின் கண்ணுக்குப் பழக்கமே பயிற்சி தருகிறது என்று மைக்கேல் பாக்ஸண்டல் 1972இல் ஃபிளாரென்ஸ் வணிகர்களைக் கொண்டு வாதிட்டார். அந்த வாதம் பாறசாலைக்கும் செல்லும்.

தீராதவை இரண்டு. முதலாவது, கொடுக்கப்படும் ஒளிக்கும் கொண்டுவரப்படும் ஒளிக்கும் உள்ள உறவு. கிரெச்சோவின் பந்தங்களும் மலங்கரைத் தீயும் கொண்டுவந்த ஒளி. கொரெஜ்ஜோவின் இடையர்கள் விளக்கேதும் இல்லாமல் வந்து ஒளியைப் பெற்றுக்கொள்கிறார்கள். ஓவிய ஆய்வு கொடுக்கப்படும் ஒளியைப் பற்றியே எழுதிக் குவித்திருக்கிறது. வழிபாட்டு ஆய்வும் ஓவிய ஆய்வும் ஒன்றையொன்று வாசிக்காத வரை இந்த இடைவெளி நீடிக்கும்.

இரண்டாவது, இந்த ஊர்களுக்கு உண்மையில் எந்தெந்தப் படங்கள் வந்தன என்பது. இதற்குப் பதில் கோட்பாட்டில் கிடைக்காது, பழைய சட்டகங்களில் கிடைக்கலாம். ஆலயங்கள் இடித்துக் கட்டப்படும்போதும் பழைய வீடுகள் பாகம் பிரியும்போதும் கண்ணாடி உடைந்த புனிதர் படங்களும் நிறம் போன குடில் உருவங்களும்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன. அவற்றின் அடி விளிம்பிலோ பின்புறத்திலோ அச்சகத்தின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். நெய்யாற்றின்கரை, பாறசாலை மறைமாவட்டங்களும் தென்னிந்தியத் திருச்சபையின் தென்கேரளப் பேராயமும் தம் பங்குகளில் எஞ்சியிருக்கும் படங்களை, எறிவதற்கு முன் இருபுறமும் படம் பிடித்து, கிடைத்த இடத்தைக் குறித்துப் பட்டியலிட வேண்டும்.